கண்ணாடிக் கதவும் 0.9977-உம்: இரவு ரோபோ ஒன்று சிக்கிக்கொண்ட நிகழ்வின் ஆய்வு

பின்னணி

ஓர் ஆய்வகக் கட்டடம். சரக்கறை ஒரு முனையில், ஆய்வு அறைகள் மறுமுனையில். இரவில் பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சிறிய ரோபோவை ஓட்டினோம். அது தானாகச் சுமக்காது. பின்னால் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு போகும். குழுவில் நான்கு பேர் இருந்தோம். எந்த வழியில் போவது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று முடிவெடுக்கும் நிரல் என் பொறுப்பு.

வழிகள் இரண்டு. குறுக்குவழியில் போனால் 2 நிமிடம், சுற்றுவழியில் போனால் 5 நிமிடம். குறுக்குவழியின் நடுவில் ஒரு கதவு இருந்தது. சில இரவுகளில் அதை யாராவது சாத்திவிட்டுப் போவார்கள். ரோபோவால் கதவைத் திறக்க முடியாது. அந்த நடையின் (குறுகிய தாழ்வாரத்தின்) முகப்பில் மட்டும்தான் கொஞ்சம் அகலம் உண்டு. உள்ளே போய்விட்டால் வண்டியோடு திரும்ப இடமில்லை, பின்னால் வரலாம் என்றால் வண்டி மடங்கிக்கொள்ளும். அப்புறம் ஓர் ஆள் வந்து வண்டியைக் கழற்றித்தான் மீட்க வேண்டும். அதற்குச் சுமார் 40 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டோம்.

சிக்கல் இவ்வளவுதான். கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. ஆனால் நிச்சயமில்லாத சூழலில் திட்டமிடுவதன் கடினமான பகுதி முழுவதும் இந்த ஒரு கதவில் இருந்தது.

தொடக்கத்தில் செய்தது

முதலில் எழுதியது மிக எளிய நிரல். கதவு திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு திட்டம் போடு. நடந்தது வேறாக இருந்தால் அங்கிருந்து புதிதாகத் திட்டம் போடு. இந்த உத்தியைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2004-இல் நடந்த நிகழ்தகவுத் திட்டமிடல் போட்டியில் வென்ற எஃப்.எஃப்-ரீப்ளான் என்ற திட்டமிடும் நிரல் இதே வழியில்தான் இயங்கியது. நிகழ்தகவுகளை ஒதுக்கிவிட்டுத் திட்டம் போடும், பிசகினால் மறுபடி போடும். தவறான இடத்திலிருந்து மீண்டு வர முடியும் என்றால் இது நன்றாகவே வேலை செய்யும். எங்கள் நடையில் மீண்டு வர முடியாது. கதவு சாத்தியிருந்த முதல் இரவிலேயே ரோபோ உள்ளே போய் நின்றது. புதுத் திட்டம் போடச் சொன்னோம், போட வழியே இல்லை.

சரி, எண்களை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டதற்கு, "பத்து நாளில் ஏழு நாள் திறந்துதான் இருக்கும்" என்றார். அதனால் தொடக்க நிகழ்தகவு 0.7. கண்ணை மூடிக்கொண்டு குறுக்குவழியில் போனால் எதிர்பார்க்கும் நேரம் 0.7 × 2 + 0.3 × 40 = 13.4 நிமிடம். சுற்றிப் போனால் எப்போதும் 5. கதவு திறந்திருக்கும் என்பதில் 92 சதவீதத்துக்கு மேல் உறுதி இருந்தால்தான் குறுக்குவழி லாபம். ஆகவே கதவைப் பார்க்காத நிரலுக்குச் சரியான விடை, தினமும் சுற்றிப் போவது.

ஆனால் ரோபோவுக்கு லிடார் இருக்கிறது: லேசர் ஒளியை வீசி, பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளக்கும் சென்சார். கதவை அதனால் பார்க்க முடியும். பார்ப்பதையும் ஒரு செயலாகச் சேர்த்து, பார்த்ததை நம்பலாமா என்ற கேள்வியையும் கணக்குக்குள் கொண்டுவந்தால் அது பி.ஓ.எம்.டி.பி: நிலை முழுதாகத் தெரியாத மார்கோவ் முடிவுச் செயல்முறை. அடுத்து என்ன நடக்கும் என்பது இப்போதைய நிலையையும் செய்யும் செயலையும் மட்டும் பொறுத்தது என்று எடுத்துக்கொண்டு முடிவெடுக்கும் கணித முறை அது. இந்தத் துறை பழையது. ஆஸ்ட்ரோம் 1965-இலேயே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். ஸ்மால்வுட், சோன்டிக் இருவரும் 1973-இல் தீர்க்கும் முறையைக் கொடுத்தார்கள். இதுவரை செய்தது, பார்த்தது எல்லாவற்றையும் ஒரே ஒரு நிகழ்தகவுப் பகிர்வாகச் சுருக்கிக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் மையக் கருத்து. அதை நம்பிக்கை நிலை என்று சொல்வோம். எங்களுக்கு அது ஒற்றை எண்: கதவு திறந்திருக்கும் வாய்ப்பு.

நகராமல் நின்ற ரோபோ

பி.ஓ.எம்.டி.பி-யைத் துல்லியமாகத் தீர்ப்பது கடினம். வரம்புள்ள கால அளவுக்கே அது பிஸ்பேஸ் வகைக் கடினம் (சிக்கல் பெரிதானால் வேகமாகத் தீர்க்க வழியில்லை என்று கருதப்படும் வகை) என்று பாப்பாடிமிட்ரியு, சிட்சிக்லிஸ் 1987-இல் காட்டினார்கள். அதனால் எல்லோரும் ஏதாவது ஒரு தோராய முறையைத் தேடுவார்கள். நாங்கள் முதலில் எடுத்தது கியூ.எம்.டி.பி. எழுத எளிது, நொடியில் முடிந்துவிடும்.

அன்று இரவு ரோபோ நடையின் முகப்புக்கு வந்து நின்றது. உள்ளேயும் போகவில்லை, சுற்றியும் போகவில்லை, கதவைப் பார்க்கவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்து நாங்களே நிறுத்தினோம்.

பழுது என்று நினைத்து மோட்டாரைச் சோதித்தோம். பழுது எதுவும் இல்லை. கியூ.எம்.டி.பி ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: இப்போது ஒரு செயல் செய்துவிட்டால், அடுத்த படியிலிருந்து நிலை முழுதாகத் தெரிந்துவிடும் என்று அது எடுத்துக்கொள்ளும். ஆட்கள் கடந்து போக வழிவிடுவதற்காக 'காத்திரு' என்ற செயலையும் கொடுத்திருந்தோம். அதன் செலவு 5 விநாடி. 'பார்' என்ற செயலுக்கு 10 விநாடி. கியூ.எம்.டி.பி-யின் கணக்கில் இரண்டில் எதைச் செய்தாலும் அடுத்த நொடி கதவின் நிலை தெரிந்துவிடும், அதன் பிறகு சராசரியாக 0.7 × 2 + 0.3 × 5 = 2.9 நிமிடம். எனவே காத்திருப்பு 2.98, பார்வை 3.07, சுற்றுவழி 5, நேரே போவது 13.4. மலிவானது காத்திருப்பு. ஐந்து விநாடி காத்திருந்தது. எதுவும் தெரியவரவில்லை; நம்பிக்கை 0.7-லேயே இருந்தது. அதே கணக்கு, அதே விடை, மறுபடி ஐந்து விநாடி.

தகவலுக்காக ஒரு செயலைச் செய்வது என்ற எண்ணமே இந்த முறைக்குள் கிடையாது. புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன். 'தகவல் தேடும் செயல்களை இது தேர்ந்தெடுக்காது' என்ற ஒரு வரியாகக் கடந்து போயிருந்தேன். நடையின் முகப்பில் அரை மணி நேரம் நின்ற ரோபோவைப் பார்த்த பிறகுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது.

மூன்று பார்வை

அடுத்து, நம்பிக்கை நிலைகளில் சில புள்ளிகளை எடுத்து அவற்றைச் சுற்றித் தீர்வைக் கட்டும் முறைக்கு மாறினோம். பினோ, கார்டன், த்ரன் ஆகியோர் 2003-இல் முன்வைத்த வகை அது. எங்கள் அளவிலான சிக்கலை எளிதாகத் தீர்த்துவிடும்.

அதற்கு முன் லிடார் எவ்வளவு நம்பகமானது என்று அளக்க வேண்டியிருந்தது. ஒரு பகலில் நான்கு இடங்களில் ரோபோவை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் கதவைத் திறந்து வைத்து ஐந்து முறை, சாத்தி வைத்து ஐந்து முறை பார்க்கச் செய்தோம். மொத்தம் 40 பார்வைகள், 34 சரி. 0.85. பி.ஓ.எம்.டி.பி படித்தவர்கள் எல்லோருக்கும் இந்த எண் பழக்கம். 1998-இல் கேல்பிளிங், லிட்மன், கசாண்ட்ரா எழுதிய கட்டுரையில் வரும் புலிக் கணக்கில், இரண்டு கதவுகளில் எதன் பின்னால் புலி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டால் சரியாகக் கேட்கும் வாய்ப்பும் 0.85-தான். எங்கள் அளவும் அப்படியே வந்ததில் எல்லோருக்கும் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியில் அளவுத் தாளை மூடி வைத்துவிட்டோம். பிற்பாடு நடந்தவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தீர்வு அழகாக வந்தது. ரோபோ நடைக்குள் திரும்புவதற்கு முன் மூலையில் நிற்கும், பார்க்கும். 'திறந்திருக்கிறது' என்று ஒரு முறை வந்தால் நம்பிக்கை 0.7-இலிருந்து 0.93. அது போதாது, இன்னொரு முறை பார்க்கும்: 0.987. மூன்றாவது முறை: 0.9977. இதற்கு மேல் பார்ப்பதால் வரும் லாபம் பத்து விநாடிச் செலவுக்கு ஈடாகாது, போ. நடுவில் 'சாத்தியிருக்கிறது' என்று வந்தால் எண் கீழே இறங்கும்; போதுமான அளவு இறங்கினால் சுற்றுவழி. எதிர்பார்க்கும் நேரம் சுமார் 3.7 நிமிடம்.

சிமுலேட்டரில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டினோம். எண்கள் கணக்கோடு ஒத்துப்போயின. முதல் ஐந்து இரவுகள் நன்றாகவே போயின. இப்போது நினைத்தால், அந்த ஐந்து இரவும் கதவு திறந்திருந்தது என்பதைத் தவிர அவை வேறொன்றையும் காட்டவில்லை.

ஆறாவது இரவு

ரோபோ மூலைக்கு வந்தது. பார்த்தது, திறந்திருக்கிறது. பார்த்தது, திறந்திருக்கிறது. பார்த்தது, திறந்திருக்கிறது. 0.9977. உள்ளே போய்ச் சாத்தியிருந்த கதவில் முட்டியது.

வேகம் குறைவு, பம்பர் உணர்ந்து நிறுத்திவிட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, கண்ணாடியும் உடையவில்லை. ஆனால் பத்து விநாடி கழித்து ரோபோ மறுபடி முன்னால் நகர்ந்து முட்டியது. மூன்றாவது முறையும் முட்டியது. அதன் பிறகுதான் பாதுகாப்பு நிரல் தலையிட்டு நிறுத்தியது.

மறுநாள் காலை லாகை (ரோபோவின் பதிவேட்டை) திறந்தபோது என்னைக் கலங்க வைத்தது அந்த முட்டல்களுக்கு இடையில் இருந்த எண். முதல் முட்டலுக்குப் பிறகு 0.9977. இரண்டாவதுக்குப் பிறகும் 0.9977. பம்பரை ஓர் அவசர நிறுத்தமாக மட்டுமே இணைத்திருந்தோம். அதுவும் கதவைப் பற்றிய ஒரு சேதி என்று நிரலுக்கு நாங்கள் சொல்லவே இல்லை. கதவில் உடம்பு பட்ட பிறகும் கதவு திறந்திருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருந்ததற்குக் காரணம் நாங்கள்.

கண்டுபிடித்தது

குழுவில் சென்சாரைக் கவனித்துக்கொள்பவர் ஒரு வேலை செய்தார். மூடி வைத்த அந்த அளவுத் தாளை எடுத்து, 40 பார்வைகளையும் இடவாரியாகப் பிரித்து எழுதினார். ஆறு தவறுகளில் ஐந்து ஒரே இடத்தில் விழுந்திருந்தன: ரோபோ வழக்கமாக நிற்கும் அதே மூலை. ஐந்தும் ஒரே வகை: சாத்திய கதவைத் திறந்திருப்பதாகச் சொன்னவை. அந்த மூலையிலிருந்து சாத்திய கதவை ஐந்து முறை பார்த்ததில் ஐந்துமே தவறு.

கதவின் மேல்பாதி கண்ணாடி, லிடார் அந்த உயரத்தில் இருந்தது. மூலையிலிருந்து பார்த்தால் கதவு சாய்வாகத் தெரியும். சாய்வாக விழும் ஒளிக்கற்றையில் ஒரு பகுதி கண்ணாடியில் பட்டு வேறு திசைக்குத் தெறித்துவிடும். பெரும்பகுதி ஊடுருவிப் போய்ப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும். லிடாருக்குத் தெரிவது அந்தச் சுவர்தான். நேருக்கு நேர் நின்றால் கண்ணாடியில் பட்ட கற்றை வந்த வழியே திரும்பும். கதவு இருப்பது தெரியும்.

அப்படியென்றால் 0.85 என்ற எண் பொய்யா? இல்லை, சராசரியாக அது உண்மை. ஆனால் ஒவ்வொரு பார்வையும் தனித்தனியாக 15 சதவீதம் பிசகும் என்று எங்கள் கணித மாதிரி எடுத்துக்கொண்டது. நடந்தது அதுவல்ல: சில இடங்களில் ஏறக்குறைய பிசகுவதே இல்லை, ஓர் இடத்தில் சாத்திய கதவுக்கு எப்போதும் பிசகுகிறது. அங்கே கதவு திறந்திருந்தாலும் 'திறந்திருக்கிறது', சாத்தியிருந்தாலும் 'திறந்திருக்கிறது'. இரண்டுக்கும் ஒரே பதில் தரும் பார்வைக்கு எடை எதுவும் இல்லை. புதிய சேதி வந்ததும் நிகழ்தகவைத் திருத்தும் பேய்ஸ் விதியைச் சரியான எண்களோடு போட்டால் மூன்று பார்வைக்குப் பிறகும் நம்பிக்கை 0.7-தான், முப்பது பார்வைக்குப் பிறகும் அதேதான்.

இதை வைத்துப் பழைய திட்டத்தை மறுபடி கணக்கிட்டேன். எப்போதும் மூன்று பார்வைக்கு அரை நிமிடம், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு போவதற்கான 13.4. ஆக 13.9 நிமிடம். தாளில் 3.7 என்று சொன்ன திட்டம், ஒன்றுமே யோசிக்காமல் தினமும் சுற்றிப் போவதை விட இரண்டரை மடங்குக்கும் மேல் மோசம்.

சிமுலேட்டர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அதையும் நாங்கள்தான் எழுதினோம். ஒவ்வொரு பார்வைக்கும் தனியாகப் பகடை உருட்டி 0.85-இல் சரி, 0.15-இல் தவறு என்று பதில் சொல்லும்படி எழுதியிருந்தோம். திட்டத்திலும் சோதனையிலும் ஒரே அனுமானம் இருந்தால் எத்தனை ஆயிரம் முறை ஓட்டினாலும் அந்த அனுமானம் வெளிப்படாது. நம்பிக்கை நிலை கடந்தகாலம் முழுவதையும் சுருக்கித் தந்துவிடும் என்ற தேற்றம் மிகச் சரியானது. ஆனால் அவதானிப்பு மாதிரி, அதாவது பார்வை எப்படிப் பிசகும் என்று நாம் எழுதிய கணக்கு, உண்மையாக இருந்தால்தான் அது செல்லும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழுவில் இரண்டு கருத்துகள் இருந்தன. லிடார் உயரத்தில் கண்ணாடி மேல் ஓர் ஒளிபுகாத பட்டை ஒட்டிவிட்டால் போதும், கணிதத்தைத் தொட வேண்டாம் என்பது ஒன்று. மாதிரியைத் திருத்தாமல் பட்டை ஒட்டுவது இந்த ஒரு கதவை மட்டும் சரிசெய்யும் என்பது மற்றொன்று. நான் இரண்டாவது பக்கம் இருந்தேன், ஆனாலும் முதலில் பட்டையைத்தான் ஒட்டச் சொன்னேன். மலிவு, அன்றே செய்துவிடலாம், பயனும் உறுதி. நிச்சயமின்மையைக் கணக்கில் சமாளிப்பதை விட உலகத்திலேயே குறைக்க முடிந்தால் குறைத்துவிடுவது நல்லது. அதே நேரம், பட்டை உரியும், கட்டடத்தில் வேறு கண்ணாடிகளும் இருக்கின்றன. அதனால் மாதிரியையும் திருத்தினோம்.

பார்க்கும் இடத்தை நிலைக்குள் கொண்டுவந்தோம். ஒரே இடத்தில் நின்று பார்ப்பது முதல் முறை மட்டும்தான் எண்ணப்படும்; இரண்டாவது பார்வை முதல் பார்வையின் நகல் என்றே மாதிரி எடுத்துக்கொள்ளும். முகப்பு அகலத்துக்குள்ளேயே ஒரு மீட்டர் முன்னே போய்க் கதவை நேராகப் பார்ப்பது என்று ஒரு புதிய செயலைச் சேர்த்தோம். அதற்கு அரை நிமிடம் ஆகும், அங்கிருந்து பின்வாங்கவும் முடியும். திறந்ததைச் சாத்தியதாகச் சொல்வதற்கும் சாத்தியதைத் திறந்ததாகச் சொல்வதற்கும் தனித்தனி எண் வைத்தோம். இரண்டின் விலையும் ஒன்றல்ல. முன்னது தேவையில்லாமல் 3 நிமிடச் சுற்று, பின்னது 40 நிமிட மீட்பு. பம்பர் தட்டினால் அது கதவைப் பற்றிய மிக வலுவான சாட்சி என்று சேர்த்தோம்.

சிமுலேட்டரையும் மாற்றினோம். இப்போது ஒவ்வோர் ஓட்டத்தின் தொடக்கத்திலும் எந்தெந்த இடம் குருடு என்று ஒரு முறை முடிவாகிவிடும். அந்த இடத்திலிருந்து எத்தனை முறை பார்த்தாலும் அதே தவறுதான் வரும். பழைய திட்டத்தை இதில் விட்டதும் முதல் சில ஓட்டங்களிலேயே முட்டியது.

அதன் பிறகு

புதிய திட்டத்தில் ரோபோ மூலையில் நிற்பதில்லை. நேராகப் பார்க்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கிறது. எதிர்பார்க்கும் நேரம் பட்டை இல்லாத கணக்கில் சுமார் 4.2 நிமிடம். முன்பு தாளில் இருந்த 3.7-ஐ விட அதிகம். குழுவில் ஒருவர் இதைப் பின்னடைவு என்றார். அந்த 3.7 ஒருநாளும் இருந்ததில்லை என்று விளக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

மூன்று மாதம் ஓட்டினோம். கதவு சாத்தியிருந்த இரவுகளில் பார்த்துவிட்டு, பின்வாங்கி, சுற்றிப் போனது. ஒரே ஒரு முறை சிக்கியது: பார்க்கும்போது கதவு உண்மையிலேயே திறந்திருந்தது, ரோபோ உள்ளே நுழைந்த பிறகு மறுபக்கத்திலிருந்து யாரோ சாத்திவிட்டார்கள். கதவின் நிலை இரவு முழுவதும் மாறாது என்று எழுதியிருந்தோம். இந்த முறை பம்பர் தட்டியதும் நம்பிக்கை சரிந்தது, ரோபோ இரண்டாவது முறை முட்டாமல் உடனே உதவிக்கு அழைத்தது. கதவு நடுவில் மாறும் ஒரு சிறு வாய்ப்பை இப்போது சேர்த்திருக்கிறோம். அதனால் பார்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தால் நம்பிக்கை மெல்லக் குறையும். பார்த்ததும் தாமதிக்காமல் போகிறது.

மறுபடி செய்வதென்றால்

அளவெடுத்த அன்றே தவறுகளை இடம், வகை வாரியாகப் பிரித்துப் பார்த்திருப்பேன். சராசரியை மட்டும் எழுதிவைத்ததுதான் எங்கள் பெரிய பிழை; தேவையான தகவல் முழுவதும் அந்தத் தாளில் முதல் நாளிலிருந்தே இருந்தது. பம்பர், மோட்டார் மின்னோட்டம், சக்கரம் வழுக்குவது என்று ரோபோ உணரும் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, இதில் எது கதவைப் பற்றி ஏதாவது சொல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பேன். சிமுலேட்டரைத் திட்டமிடும் நிரலை எழுதாத ஒருவரிடம் கொடுத்திருப்பேன்.

0.7 இன்னும் அந்த ஒருவரின் நினைவிலிருந்து வந்த எண்ணாகவே இருக்கிறது. கதவின் நிலையை இப்போது ஒவ்வோர் இரவும் பதிந்து வருகிறோம். லாகில் ஒவ்வொரு பார்வைக்குப் பக்கத்திலும், எங்கே நின்று பார்த்தது என்பதும் இப்போது எழுதப்படுகிறது.